பட்டியலா, குறுகிய பாதையா, திரையா? திட்டமிடாத உணவு வாங்கலைக் குறைக்க எதைத் தேர்ந்தெடுப்பது

கடைக்குப் போகும்போது மனதில் இல்லாத தின்பண்டங்களை வாங்கிவிடுகிறோமே, அதை எப்படிக் குறைப்பது என்று கேட்டால், எல்லோரும் ஒரே மூச்சில் ஐந்தாறு யோசனை சொல்வார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ரொக்கமாகக் கொடுங்கள், ஆன்லைனில் வாங்குங்கள், வேலையில்லாத பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே எடையில் சொல்லிவிடுவதால், எதை முதலில் முயல்வது என்று தெரியாமல் போகிறது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கட்டத்தில் குறுக்கிடுகின்றன. சில, பொருளைக் கண் சந்திப்பதற்கு முன்பே வேலை செய்கின்றன. சில, கண் அதில் தங்கும்போது. சில, கை நீண்ட பிறகுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் சந்திப்பதற்கு முன்பே வேலை செய்யும் வழிகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பார்த்த பிறகு வேண்டாம் என்று ஒதுக்குவது, ஒவ்வொரு ரேக்கின் முன்னும் புதிதாகச் செய்ய வேண்டிய உழைப்பு. களைத்துப்போன ஒரு மாலையில் அந்த உழைப்பை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

கண் என்ன செய்கிறது

நாம் பார்க்கும் பரப்பு முழுவதும் ஒரே தெளிவில் தெரிவதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சிறு பள்ளம் மட்டுமே எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையாகப் பார்க்கும். அது பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய 2 பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அதன் அகலம் அவ்வளவுதான். அதனால் கண் ஓரிடத்தில் நின்று, தாவி, அடுத்த இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு நிற்றலும் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிநொடி. ஒரு ரேக்கின் முன் பத்து நொடி நின்றால், கண் அதிகபட்சம் முப்பது நாற்பது முறை நின்றிருக்கும். அதிலும் பல முறை ஒரே பாக்கெட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். மற்றவை எல்லாம் மங்கலான வண்ணத் திட்டுகளாகக் கடந்துபோகின்றன.

எங்கே நிற்பது என்பதை இரண்டு விசைகள் முடிவு செய்கின்றன. ஒன்று உள்ளிருந்து வருவது: இப்போது எதைத் தேடுகிறோம் என்பது. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். கேள்வி மாறியதும் கண் போன வழியே மாறியது. 1960-களில் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இன்னொரு விசை வெளியிலிருந்து வருவது: பளிச்சென்ற நிறம், ஒரே பாக்கெட் பக்கம் பக்கமாக எத்தனை அடுக்கப்பட்டிருக்கிறது, நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பவை.

சரி, பார்த்தால் வாங்கிவிடுவோமா? 2010-ல் இயான் கிராஜ்பிச், அன்டோனியோ ரேஞ்சல் ஆகியோரின் குழு, பசியோடு வந்தவர்களுக்கு நொறுக்குத்தீனிப் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, கண் அசைவையும் தேர்வையும் சேர்த்து ஆராய்ந்தது. அவர்கள் உருவாக்கிய கணக்கு மாதிரியின்படி, மூளை இரண்டு பொருளின் மதிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆனால் அந்தக் கணத்தில் கண் படாத பொருளின் மதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத்தான் கணக்கில் சேர்கிறது. கண் தங்கியிருக்கும் பொருளுக்கு எவ்வளவு பெரிய சலுகை பாருங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2008-ல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியிருந்தது. பிடித்த உணவின் படத்தைச் சற்று அதிக நேரம் காட்டினால் அதைத் தேர்ந்தெடுப்பது கூடியது. பிடிக்காததை அதிக நேரம் காட்டினால் குறைந்தது. ஆக, பார்வை இல்லாத ஆசையை உண்டாக்குவதில்லை. ஓரளவு இருக்கிற ஆசையைப் பெருக்குகிறது. தின்பண்டங்கள் விஷயத்தில் நம்மில் பலருக்கும் ஓரளவு ஆசை எப்போதும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஸ்வீடனில் உண்மையான சூப்பர்மார்க்கெட்டில், கண் அசைவைப் பதிவு செய்யும் கண்ணாடியை அணிந்து வாங்கியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. என்ன காரணத்தால் பார்த்தாலும், ஒரு பாக்கெட்டை நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ பார்த்தால், அதை வாங்கும் வாய்ப்பு கூடியது.

இதில் கவனம் தேவை. பிடித்ததைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம், ஆகவே பார்வையும் வாங்குதலும் சேர்ந்தே வருவதில் வியப்பில்லை என்று ஒருவர் சொல்லலாம். அது பாதி உண்மை. விசை இரு பக்கமும் ஓடுகிறது. எல்லாப் பார்வையும் வாங்குதலில் முடிவதும் இல்லை. பியர் ஷாந்தோனும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 2009-ல் காட்டியபடி, ஒரு பொருளின் அடுக்கைப் பக்கவாட்டில் அகலமாக்கினால் பார்வையும் கூடுகிறது, அதைத் தேர்ந்தெடுப்பதும் கூடுகிறது. ரேக்கில் இடத்தை மட்டும் மாற்றினால் பார்வை கூடலாம், தேர்வு அதே அளவுக்குக் கூட வேண்டியதில்லை.

இந்த விசை யாரிடம், எப்போது வலுவாக வேலை செய்கிறது என்பது நமக்கு இன்னும் முக்கியம். 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், பாக்கெட்டின் பளிச்சென்ற தோற்றம் தேர்வை இழுக்கும் அளவு, அவசரமாக முடிவெடுக்கும்போதும் மனதில் வேறு சுமை இருக்கும்போதும் கூடியது. வேலை முடிந்து, போனில் பேசிக்கொண்டே, பத்து நிமிடத்தில் வாங்கி முடிக்க வேண்டும் என்று ஓடுபவரின் நிலை இதுதான்.

எதைக் குறைக்கப் போகிறோம்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திட்டமிடாமல் வாங்குவதெல்லாம் தவறல்ல. ஆய்வாளர் ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் 1962-லேயே இதை நான்காகப் பிரித்தார்: வெறும் உந்துதலில் வாங்குவது, ரேக்கைப் பார்த்ததும் வீட்டில் தீர்ந்துபோனது நினைவுக்கு வந்து வாங்குவது, புதிதாகப் பார்த்த ஒன்று பயன்படும் என்று தோன்றி வாங்குவது, விலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று முன்பே நினைத்து வைத்திருந்து வாங்குவது. இரண்டாவதும் நான்காவதும் வீட்டுக்கு நல்லதே செய்கின்றன. ரேக் அங்கே நமக்கு நினைவூட்டும் வேலையைச் செய்கிறது. எந்த வழியை எடுத்தாலும் இந்த நல்ல பங்கையும் சேர்த்து வெட்டிவிடுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

பட்டியல்

உள்ளிருந்து வரும் விசையைப் பலப்படுத்துவது பட்டியல். தேடுவது எது என்று தெரிந்தால் கண் அதைத் தேடிப் போகும், மற்றவை மங்கலாகவே கடக்கும். ஜெஃப்ரி இன்மன், ரஸ்ஸல் வினர், ரோசெல்லினா ஃபெராரோ ஆகியோர் 2009-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், திட்டமிடாத வாங்கலைக் குறைத்தவற்றில் பட்டியலும் ஒன்று. கூடவே குறைவான ரேக் வரிசைகளுக்குள் போவது, அடிக்கடி கடைக்குப் போவது, ரொக்கமாகக் கொடுப்பது ஆகியவையும் இருந்தன.

ஆனால் பட்டியலைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். பெரும்பாலான பட்டியல்களில் இருப்பது 'பிஸ்கட்' மாதிரி ஒரு வகையின் பெயர். அந்தச் சொல் நம்மை நேராக பிஸ்கட் ரேக்கின் முன் கொண்டுபோய் நிறுத்தும். அதன் பிறகு எந்த பிஸ்கட், எத்தனை பாக்கெட் என்பதை வெளி விசைகளிடம் விட்டுவிடும். கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் பெயர், அளவு, எண்ணிக்கை மூன்றையும் எழுத வேண்டும்.

அடுத்தது, பட்டியல் மனதில் இருந்தால் போதும் என்று நினைப்பது. பாபா ஷிவ், அலெக்சாண்டர் ஃபெதோரிகின் ஆகியோரின் 1999 ஆய்வில், ஏழு இலக்க எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களில் 63 சதவீதம் பேர் பழக் கலவையை விட்டுச் சாக்லேட் கேக்கை எடுத்தார்கள். இரண்டு இலக்க எண்ணை வைத்திருந்தவர்களில் 41 சதவீதம்தான். பன்னிரண்டு பொருளை மனதில் உருப்போட்டபடி கடைக்குள் நடப்பவரும் ஒரு எண்ணைச் சுமப்பவர் போலத்தான். ஆகவே மனப்பட்டியல் உதவுவதற்குப் பதில் சுமையாகவே முடியலாம் என்பது என் ஊகம். தாளில் எழுதுங்கள், அதைக் கையிலேயே வைத்திருங்கள்.

பட்டியலின் மிகப் பெரிய ஓட்டை பில் போடும் இடம். அங்கே வரும்போது எல்லாம் வாங்கியாகிவிட்டது. தேட எதுவும் இல்லை. உள்விசை அணைந்துவிட்டது, கண் சும்மா இருக்கிறது, உடம்பு ஓரிடத்தில் நிற்கிறது, கைக்கு எட்டும் தூரத்தில் சின்னச் சின்ன இனிப்புகள் இருக்கின்றன. பார்வைக்கும் வாங்குதலுக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர் இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. க்யூவில் நிற்கும்போது பட்டியல் நமக்கு எந்தத் துணையும் செய்வதில்லை.

குறுகிய பாதை

சுய சேவைக் கடை என்ற அமைப்பே பாதையைக் கொண்டு பிறந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி கடையைத் திறந்தார். அதற்கு முன் மளிகைக் கடையில் பொருளை எடுத்துக் கொடுப்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார், வாங்க வந்தவர் கேட்டதைப் பெறுவார். சாண்டர்ஸ் கடையில் வாங்குபவர் ஒரு வாயில் வழியாக நுழைந்து, ரேக்குகளைக் கடந்து சுற்றி வந்து, பணம் கொடுக்கும் இடத்தில் வெளியேற வேண்டும். 1917-ல் அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். எல்லாப் பொருளும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அன்றே போட்ட திட்டம்.

அந்தத் திட்டத்தை முறிப்பதற்கு நம் கையில் இருக்கும் நேரடியான கருவி, குறைவாக நடப்பது. சாம் ஹூய் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வாங்குபவர்கள் கடைக்குள் நடந்த வழியைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். நடக்கும் தூரம் கூடக்கூட, திட்டமிடாத செலவும் கூடியது. இங்கே மன உறுதி பற்றிய பேச்சே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. போகாத ரேக் வரிசையில் மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. களைத்திருந்தாலும், பசித்திருந்தாலும், போனில் பேசிக்கொண்டிருந்தாலும் இந்த வழி கெடுவதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. ரேக் வரிசைக்குள் போகாவிட்டாலும் அதன் முனையைக் கடந்துதான் ஆக வேண்டும், முனை என்பது வலுவான இடம். இங்கிலாந்தில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் விற்பனையை ஆராய்ந்து 2014-ல் வெளியான கட்டுரையில், விலை வேறுபாட்டின் பங்கைக் கழித்த பிறகும், முனையில் வைத்ததால் காற்றூட்டிய குளிர்பானங்களின் விற்பனை 51.7 சதவீதம், காபி 73.5 சதவீதம், தேயிலை 113.8 சதவீதம் கூடியிருந்தது. அப்புறம், பழகாத கடையில் குறுகிய பாதை தெரியாது. சுற்றித்தான் தேட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விட, நினைவூட்டும் நல்ல வாங்கல் இதில் போய்விடுகிறது. எண்ணெய் தீர்ந்தது ரேக்கைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும் என்றால், அந்த ரேக்கைப் பார்க்காதவர் மறுநாள் திரும்ப வர வேண்டும்.

அதனால்தான் பட்டியலும் குறுகிய பாதையும் தனித்தனியாக அரைகுறையாகவும், சேர்ந்தால் முழுமையாகவும் இருக்கின்றன. சமையலறையைப் பார்த்து எழுதிய பட்டியல் நினைவூட்டும் வேலையைச் செய்துவிடும்; அப்போது ரேக் அதைச் செய்ய வேண்டியதில்லை. பட்டியலை உணவு வகை வாரியாக எழுதாமல், கடையில் நடக்கும் வரிசையில் எழுதினால் முன்னும் பின்னும் அலைவது நின்றுவிடும். என் கணிப்பில், எழுதும் வரிசையை மாற்றுவது பட்டியல் எழுதுவது அளவுக்கே பயன் தரும்.

அடிக்கடி போவது பற்றி இன்மன் குழு சொன்னதை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிறு சிறு கூடையாக வாங்குபவர் ஒரு முறையில் திட்டம் தவறுவது குறைவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பில் போடும் இடத்தைக் கடக்க வேண்டும். மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்துத்தான் உங்களுக்கு எது லாபம் என்று சொல்ல முடியும்.

திரை

ஆன்லைனில் வாங்கினால் ரேக்கே இல்லை. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட தொடர் ஆய்வுகளில், கடையில் வாங்குவதை விட ஆன்லைனில் வாங்கும்போது உடலுக்கு நல்லதல்லாத தின்பண்டங்களின் பங்கு குறைந்தது. காரணம், பொருள் எதிரே இல்லாமல் அதன் படமும் பெயரும் மட்டும் இருப்பது. இதற்குத் துணையாக, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. பொருள் நேரில் இருந்தால், படமாகவோ எழுத்தாகவோ காட்டியதை விட 40 முதல் 61 சதவீதம் வரை அதிக விலை கொடுக்க மக்கள் முன்வந்தார்கள். நடுவில் ஒளி ஊடுருவும் தடுப்பை வைத்ததும் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது. கைக்கு எட்டும் என்ற உணர்வே ஆசையை ஏற்றுகிறது.

திரையின் இன்னொரு பலம் தாமதம். கேட்டி மில்க்மன் குழு ஒரு ஆன்லைன் மளிகை நிறுவனத்தின் ஆர்டர்களை ஆராய்ந்து 2010-ல் சொன்னது: ஆர்டருக்கும் பொருள் வந்து சேர்வதற்கும் இடைவெளி கூடக்கூட, காய்கறி போன்றவற்றின் பங்கு கூடுகிறது, ஐஸ்கிரீம் போன்றவற்றின் பங்கு குறைகிறது.

அப்படியானால் திரையே சிறந்தது என்று முடித்துவிடலாமா? சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் சேவையில் இந்தத் தாமதம் என்ற பலம் இல்லவே இல்லை. நடக்கும் உழைப்பும் இல்லை. படுக்கையில் இருந்தபடியே ஆசை தோன்றிய கணத்தில் வாங்கலாம். திரைக்கும் தன் நடு, தன் முனை, தன் பில் கவுண்டர் எல்லாம் உண்டு: மேலே வரும் விளம்பரப் பட்டை, முதல் வரிசைப் பொருள்கள், பணம் கட்டும் முன் 'இதையும் சேர்க்கலாமா' என்று கேட்கும் பக்கம். ஆகவே திரையை எடுப்பவர் இரண்டு நிபந்தனைகளோடு எடுக்க வேண்டும். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி வாங்குவது, அல்லது சேமித்து வைத்த பழைய ஆர்டரையே திரும்ப எடுப்பது. பொருள் வருவது மறுநாளோ அதற்குப் பிறகோ இருப்பது. மேய்ந்து பார்த்து, உடனே வரவழைத்தால், திரை கடையை விட மோசமாகக்கூட ஆகலாம்.

வயிறும் பணமும்

சாப்பிட்டுவிட்டுப் போவது எளிது, செலவில்லாதது, எந்த வழியோடும் சேரும். பசி உணவின் மதிப்பைக் கூட்டுகிறது, பார்வை அந்த மதிப்பைப் பெருக்குகிறது என்பதால் இதன் தர்க்கம் புரிகிறது. டேனியல் ரீட், பார்பரா வான் லேவன் ஆகியோரின் 1998 ஆய்வில், ஒரு வாரம் கழித்துச் சாப்பிடப்போவதைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட, அந்த நேரத்துப் பசி தேர்வை உடலுக்கு நல்லதல்லாத பக்கம் சாய்த்தது. ஆனால் பசி எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நிஸ்பெட், கனூஸ் இருவரின் 1969 ஆய்வில், சராசரி உடல் எடை உள்ளவர்கள் பசியோடு போனபோது அதிகம் வாங்கினார்கள்; எடை கூடியவர்களிடம் அந்தப் போக்கு தெரியவில்லை. இதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனித்து நம்ப வேண்டாம்.

ரொக்கம் கடைசிக் கட்டத்தில் வேலை செய்கிறது. மனோஜ் தாமஸ் குழு 2011-ல் ஆயிரம் குடும்பங்களின் உண்மையான வாங்கல் பதிவுகளைப் பார்த்து, கார்டில் கொடுக்கும்போது உடலுக்கு நல்லதல்லாத உணவுகள் வண்டியில் கூடுவதைக் கண்டது. பணம் கையை விட்டுப் போகும் வலிதான் தடுப்பு. அது வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் கண்ணும் மனமும் ஏற்கெனவே பொருளின் பக்கம் சாய்ந்த பிறகு வருகிறது. பணம் குறைவாக உள்ளவருக்கு, தேவையான பொருளுக்கும் அதே வலி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

கடையே மாறினால்

இவ்வளவும் வாங்குபவர் தலையில் வைத்த வேலைகள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. வடிவமைத்தவர் ஒருவர், அதோடு தினமும் போராட வேண்டியவர் இன்னொருவர் என்பது நியாயமான பங்கீடு அல்ல. பிரிட்டனில் சில சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் பில் போடும் இடத்தில் இனிப்பு, சாக்லேட், சிப்ஸ் வைப்பதில்லை என்று கொள்கை வகுத்தன. அதன் விளைவை அளந்து 2018-ல் வெளியான ஆய்வு, அந்த வகைப் பொருள்களை வீட்டுக்கு வாங்கிப் போவது உடனடியாக 17 சதவீதமும், ஓராண்டுக்குப் பிறகும் 15.5 சதவீதமும் குறைந்திருந்ததாகக் கண்டது. வாங்கியவர்கள் யாரும் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. கண் அங்கே சந்திக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2021-லும், இங்கிலாந்து 2022 அக்டோபரிலும் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தன. இங்கிலாந்துச் சட்டம் பெரிய கடைகளின் நுழைவாயிலையும் ரேக் வரிசை முனைகளையும்கூடச் சேர்த்துக்கொண்டது. உங்களுக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒரு கடை இருந்தால், மேலே சொன்ன எந்தப் பழக்கத்தையும் விட அந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பதே முதல் வழி.

எதை எடுப்பது

அப்படிக் கடை இல்லாதவருக்கு என் பரிந்துரை: கெட்டுப்போகாத சரக்கை, பழைய ஆர்டரைத் திரும்ப எடுத்து, மறுநாள் வரும்படி ஆன்லைனில் வாங்குங்கள். மற்றதற்குக் கடைக்குப் போங்கள், நடக்கும் வரிசையில் எழுதிய பட்டியலோடு. பட்டியலின் கடைசி வரியைக் காலியாக விடுங்கள். ஒரே ஒரு திட்டமிடாத பொருளுக்கு அங்கே இடம். எதிர்பாராத செலவுக்கு என்று மனக்கணக்கில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பலரும் கடைக்குள் நுழைகிறார்கள். அதை எழுத்தில் கொண்டுவந்தால் அளவும் தெரியும், மனமும் நெருக்கடியில் இருக்காது. பில் போடும் க்யூவில் கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வண்டியில் உள்ளதைப் பட்டியலோடு சரிபார்ப்பது போதும்.

எல்லோருக்கும் இதே கலவை பொருந்தாது. உங்களுக்கு எது என்று தெரிய, அடுத்த சில பில்களை எடுத்துவைத்து, திட்டமிடாமல் வாங்கியவற்றின் எதிரே, அதைக் கண் முதலில் எங்கே சந்தித்தது என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ரேக் முனை என்றால் பாதையை மாற்றுங்கள். பில் போடும் இடம் என்றால் கடைக்குப் போகும் தடவைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போன பொருளின் பக்கத்து ரேக் என்றால் பட்டியலில் பெயரையும் அளவையும் எழுதுங்கள். உடன் வந்த பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்தது என்றால், அந்தப் பக்கத்தை விட்டு வேறு பக்கமாக வண்டியைத் தள்ளுங்கள். இடம் எதுவும் திரும்பத் திரும்ப வராமல் சிதறிக் கிடந்தால், பில்லில் அச்சிட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் வேலை முடிந்து வரும் நேரமாக இருந்தால், பட்டியலையும் பாதையையும் திருத்துவதை விடக் கடைக்குப் போகும் நேரத்தை மாற்றுவது பலன் தரும்.